மம்பட்டித் தலைப் புழுவைத் தேடி: சிங்கப்பூரில் ஏழு நாள்

முதல் நாள்

திருச்சியில் ஏறி நாலரை மணி நேரத்தில் சாங்கி. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். அக்கா வீடு புக்கிட் பாஞ்சாங்கில், வீவக என்கிற அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடியில் 11ஆம் மாடி. போய்ச் சேரும்போதே மழை பிடித்துக்கொண்டது.

"தப்பான மாசத்துல வந்துட்டீங்களே மாப்ள. டிசம்பர்ல இங்க துணி காயாது" என்றார் அத்தான்.

மழைக்காகத்தான் வந்தேன் என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தாள். இரண்டு பேரையும் உட்கார வைத்து முழுக் கதையும் சொன்னேன். படிக்கிற உங்களுக்கும் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு. அதன் ஓரத்தில், வேப்பமர நிழலில், இரண்டு மண்புழு உரத்தொட்டி. சாணியும் மக்கிய மட்டையும் இலைதழையும் போட்டு, ஈரச்சாக்கு மூடி, ஆறு வருஷமாகப் பிள்ளை மாதிரி பார்த்துவருகிற தொட்டி. போன ஐப்பசி மழையில் ஒரு காலை சாக்கைத் தூக்கினேன். சாண் நீளத்துக்கு ஏதோ ஒன்று ஒரு மண்புழுவைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. பாம்புக்குட்டியோ என்று கையை இழுத்துக்கொண்டேன். உடம்பு நாடா மாதிரி மெலிசு. வெளிர்பழுப்பு நிறம், முதுகில் நீளவாட்டில் கறுப்புக் கோடுகள். தலை மட்டும் அரைவட்டமாக விரிந்து, மம்பட்டித் தகடு மாதிரியே இருந்தது.

அடுத்த சில வாரத்தில் தொட்டியில் மண்புழு பாதியாகிவிட்டது. கண்ணில் பட்டதை எல்லாம் அரிவாள் நுனியால் நறுக்கினேன். நறுக்கிய துண்டுகள் சாகவில்லை, ஊர்ந்துபோய் மறைந்தன. அப்புறம் உப்பு. ஒரு பிடி கல்லுப்பு போட்டால் புழு சுருண்டு, நுரைத்து, கூழாகிவிடும். இருந்த ஆத்திரத்தில் 11 புழுவை அப்படிக் கரைத்தேன். 12ஆவதுக்கு உப்பு அள்ளும்போது அது தலையைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆட்டி, எதையோ தேடியது. என்னால் போட முடியவில்லை. அன்று ராத்திரிதான் இது என்ன உயிர் என்று படிக்க உட்கார்ந்தேன்.

தரையில் வாழும் தட்டைப்புழு. பேரினத்தின் பெயர் பிபாலியம். ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் சுத்தியல் தலைப் புழு என்கிறார்கள். பிபாலியம் என்று 1857இல் பெயர் வைத்தவர் அமெரிக்க விலங்கியலாளர் வில்லியம் ஸ்டிம்ப்சன். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு நிலத்தைக் கொத்திப் புரட்டும் மண்வெட்டி என்று பொருளாம். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிக்கு என்ன தோன்றியதோ அதேதான் அவருக்கும் தோன்றியிருக்கிறது. அதைப் படித்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

நான் பார்த்த கோடு போட்ட வகைக்குப் பூர்வீகம் தென்கிழக்காசியாவின் ஈரக்காடு. செடித்தொட்டி மண்ணில் ஒளிந்துகொண்டு உலகம் பூராவும் போய்விட்டது. எங்கள் தோப்புக்கும் போன வருஷம் வாங்கிய குரோட்டன் செடிகளோடுதான் வந்திருக்க வேண்டும். விற்றவரிடம் கேட்டேன். எங்கள் மண்ணில் புழுவே கிடையாது என்று பேச்சை முடித்துவிட்டார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். உரத்தொட்டியில் நான் வளர்க்கிற மண்புழு மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வகை. அதற்கும் ஒரத்தநாடு பிறந்த ஊர் இல்லை. எங்கெங்கிருந்தோ வந்த இரண்டு உயிர் என் ஈரச்சாக்குக்கு அடியில் சந்தித்திருக்கிறது. என் தொட்டியில் திருடனாக இருக்கிற இந்தப் புழு தன் சொந்தக் காட்டில் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள்

அக்கா மகள் பாப்பா உயர்நிலை இரண்டு முடித்து விடுமுறையில் இருக்கிறாள். "நானும் வர்றேன் மாமா" என்று காலணியை மாட்டிக்கொண்டு நின்றாள். புக்கிட் பாஞ்சாங்கில் எம்ஆர்டி என்கிற நகர ரயிலில் ஏறினால் நாலாவது நிறுத்தம் பியூட்டி வேர்ல்ட். அங்கிருந்து நடந்து புக்கிட் தீமா இயற்கைக் காப்பகம். ஊரை விட்டு வெளியே போன மாதிரியே தெரியவில்லை. அடுக்குமாடி, கடை, பெரிய சாலை, அதற்குப் பக்கத்திலேயே காடு.

புக்கிட் தீமாதான் சிங்கப்பூரில் உயரமான இடம், 163 மீட்டர். காப்பகத்தின் பரப்பும் ஏறக்குறைய 163 ஹெக்டேர். எங்கள் ஊர்க் கணக்கில் 400 ஏக்கர். 1883இலேயே இதைக் காப்புக்காடாக ஒதுக்கிவிட்டார்கள். 1854இல் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இங்கே வந்து தங்கி, இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டு சேகரித்தார். மரம் அறுப்பவர்கள் வெட்டிப் போட்ட கட்டைகளும் மரத்தூளும்தான் அவருக்குப் புதையல். அப்போது இந்தக் காட்டில் புலி இருந்தது, புலிக்கு வெட்டிய குழிகளும் இருந்தன. வாலஸ் குனிந்து பார்த்த தரையை நானும் குனிந்து பார்க்கிறேன் என்பதில் எனக்கு உண்மையாகவே ஒரு சிலிர்ப்பு.

நாங்கள் போய்ச் சேர 9 மணி ஆகிவிட்டது. ராத்திரி மழை நின்று, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பழக்கதோஷத்தில் ஒரு விழுந்த கட்டையைப் புரட்டக் கை வைத்தேன்.

"மாமா! பொரட்டக் கூடாது. பாதைய விட்டும் இறங்கக் கூடாது."

அவள் சொன்னது சரி. இங்கே இலை பறிக்கவோ பூச்சி பிடிக்கவோ அனுமதி இல்லை. அந்தக் கட்டைக்கு அடியில் என்னென்ன குடியிருக்கிறதோ, அது அவர்கள் வீடு. கையை எடுத்துக்கொண்டேன். பார்வையால் மட்டும்தான் தேட வேண்டும்.

மூன்று மணி நேரம் நடந்தோம். நீளவால் குரங்குக் கூட்டம், கட்டைவிரல் நகத்தைவிட நீளமான காட்டு எறும்பு, வானத்தை மறைக்கிற செராயா மரங்கள். புழு மட்டும் இல்லை. எனக்கு ஏமாற்றம்தான், ஆனால் காரணம் தெரியும். தட்டைப்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, இதயம் கிடையாது, ரத்தக்குழாய் கிடையாது. மூச்சு முழுக்கத் தோல் வழியாகத்தான். உடம்பு அவ்வளவு தட்டையாக இருப்பதே அதற்காகத்தான், காற்று உள்ளே வரைக்கும் போய்ச்சேர வேண்டுமே. ஈரத்தைப் பிடித்து வைக்கிற மேல்தோலும் அதற்கு இல்லை. எடையில் 45 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் போய்விட்டால் பிழைக்காது. வெயில் விழுந்த பாதைக்கு அது எதற்கு வரப்போகிறது?

மூன்றாம் நாள்

பார்த்துவிட்டேன்!

காப்பகம் மாலை 7 மணிக்கு மூடிவிடும். தாவரவியல் பூங்காவோ காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும். பகல் முழுக்க மழை. ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டரைக்கு இறங்கினோம். அதே எம்ஆர்டி வழிதான், பூங்கா வாசலிலேயே நிறுத்தம். 1859இல் தொடங்கிய பூங்கா, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலம் ஆனது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பூவும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. கைவிளக்கு விழுந்த தரை மட்டும்தான்.

ஒரு மணி நேரம் கழித்து, நடைபாதை ஓரத்தில், வாய்க்கால் மேட்டில், பாப்பா நின்றாள். சத்தமே போடாமல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

என் கைச்சாணைவிட நீளம். பேனா ரீஃபில் தடிமன்தான் இருக்கும். முதுகில் ஐந்து கோடு, நடுக்கோடு நூல் பிடித்தாற்போல நேராக. கழுத்தில் கறுப்புப் பட்டை. தலை விரிந்து, ஓரம் சேலைக் கொசுவம் மாதிரி நெளிந்து நெளிந்து அடங்கியது. மண்புழு சுருங்கி நீண்டு நகரும், நத்தை அலை அலையாய் நகரும். இது அப்படி எதுவும் செய்யவில்லை. வயிற்றுக்கு அடியில் நடுவில் ஒரு மெல்லிய வரம்பு, அதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள், அவற்றுக்குக் கீழே தானே விரித்துக்கொள்கிற கோழைப் பாய். உடம்பு அசையாமல் தண்ணீர் ஓடுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தலை மட்டும் ஓயாமல் இடமும் வலமும். தலை ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் பல கண்கள். உருவம் பார்க்கிற கண்கள் இல்லை, வெளிச்சத்தை மட்டும் அறிகிறவை. வாசனையை அறிகிற நரம்பும் அந்தத் தலை விளிம்பில்தான். மண்புழு போன தடத்தை முகர்ந்துகொண்டே பின்தொடர்வது அதை வைத்துத்தான்.

வாய்க்கால் விளிம்புக்கு வந்ததும் நின்றது. தலையை அந்தரத்தில் நீட்டித் துழாவியது. விழுந்துவிடும் என்று பயந்தேன். விழவில்லை. தன் கோழையையே கயிறாகத் திரித்து, அதில் தொங்கி, மெள்ள மெள்ள இறங்கியது. விளக்கு வெளிச்சத்தில் அந்த இழை கண்ணாடி நூல் மாதிரி மின்னியது. கீழே இலைச்சருகைத் தொட்டதும் இழை அறுந்தது, புழு சருகுக்குள் போய்விட்டது. எல்லாம் நாலு நிமிஷம். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விட்டது அதற்கப்புறம்தான்.

"தொட்டுப் பாத்திருக்கலாம்ல மாமா" என்றாள். தொடக் கூடாது. பேத்தை மீனில் இருக்கிற அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு இந்தப் புழுவிலும் இருப்பதை 2014இல் கண்டறிந்திருக்கிறார்கள். முதுகெலும்பில்லாத தரைவாழ் உயிர்களில் அந்த நஞ்சு கிடைத்தது அதுதான் முதல் முறை. நான் ஊரில் எத்தனை முறை வெறுங்கையால் சாக்கைப் புரட்டியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். எதற்கும் கையுறை போடுவது நல்லது.

ஐந்து கோடு போட்ட இந்த வகையின் பெயர் பிபாலியம் கியூவென்ஸ். கியூ என்பது லண்டன் கியூ தாவரவியல் பூங்கா. அங்கே வெப்பச்செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டில் கிடைத்த புழுவை வைத்து 1878இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஹென்றி மோஸ்லி விவரித்ததால் காட்டுக்காரனுக்குக் கண்ணாடி வீட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டது. சரியாக அதற்கு முந்தைய வருஷம், 1877இல், கியூவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு விதை அதுதான். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டத்தான் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் கப்பல் கப்பலாக ஆள் போனார்கள். அத்தானின் தாத்தா அதில் ஒருவர். செடி போன வழியில் மனிதர்களும் போயிருக்கிறார்கள், புழுவும் போயிருக்கிறது.

மோஸ்லிக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1871 டிசம்பரில் முழுச் சூரிய கிரகணம். அதன் பாதை தமிழ்நாட்டையும் யாழ்ப்பாணத்தையும் கடந்து போனது. அதைப் பார்க்க இலங்கைக்கு வந்த குழுவில் அவரும் இருந்தார். வானத்தைப் பார்க்க வந்தவர் இலங்கைத் தரையில் தட்டைப்புழுக்களைக் கண்டு, அறுத்து ஆராய்ந்து, 1874இல் விரிவாக எழுதினார். கியூவில் கோடு போட்ட புழு கிடைத்தபோது அதை அடையாளம் சொல்ல அவர் இருந்தது அதனால்தான்.

மணி 12 ஆகப்போகிறது. தூக்கம் வரவில்லை.

நான்காம் நாள்

வெயில். அக்காவோடு லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைக்குப் போனேன். மீன், வாழையிலை, முருங்கைக்காய் வாங்கினாள். கோப்பிக்கடையில் தே தாரிக்கும் பரோட்டாவும். ஊருக்குக் கொண்டுபோகக் கோடாலித் தைலம் அரை டஜன்.

மத்தியானம் பாப்பா கேட்டாள், "நீங்க வெட்டுனது எல்லாம் உண்மையிலேயே ரெண்டா ஆகியிருக்குமா மாமா?" ஆகியிருக்கும். இதைச் செய்து பார்த்தவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். பீகிள் கப்பல் பயணத்தில் பிரேசில் காட்டில் தரைவாழ் தட்டைப்புழுக்களைப் பார்த்து அவர் அதிசயித்தார். டாஸ்மேனியாவில் பிடித்த சிலதை இரண்டு மாதம் வரை உயிரோடு வைத்திருந்தார். ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டினார். இரண்டு வாரத்தில் இரண்டு துண்டும் முழுப்புழுவின் உருவத்துக்கு வந்துவிட்டன, 25 நாளில் ஒரு பாதியை மற்றப் புழுக்களிடமிருந்து வேறு பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவை மக்கிய மரத்தைத் தின்கின்றன என்று நினைத்து அதையே போட்டு வளர்த்திருக்கிறார். பாவம், அவை பச்சை மாமிசம் தின்கிறவை. இரை இல்லாத காலத்தில் தன் உடம்பையே கரைத்துத் தின்று சிறுத்துக்கொண்டு உயிர் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மாதம் தாங்கியது அதனால்தான் என்பது என் எண்ணம்.

கோடு போட்ட வகை வெட்டுக்குக் காத்திருப்பதும் இல்லை. வால் நுனியை ஒரு இலையில் ஒட்டிக்கொண்டு, முன்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நுனி பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டு அப்போதே ஊர ஆரம்பித்துவிடும், பத்து நாளைக்குள் வெளிறிய புதுத் தலை முளைக்கும். என் அரிவாள் அதற்கு உதவிதான் செய்திருக்கிறது.

ஐந்தாம் நாள்

விடிய விடிய இடி. 7 மணிக்குக் காப்பக வாசல் திறக்கும்போது நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். டிசம்பரில் இங்கே சூரியன் எழவே 7 மணி ஆகிவிடும். காட்டுக்குள் இன்னும் இருட்டு. மழை நின்ற பிறகும் மேலே இலைகளிலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. எங்கள் தோப்பில் மழை விட்டால் பத்து நிமிஷத்தில் மட்டை காய ஆரம்பித்துவிடும். இங்கே மேல் இலை சொட்டி நடு இலை, நடு இலை சொட்டிக் கீழ்ச் செடி, அது சொட்டிச் சருகு. தரைக்கு நாள் பூராவும் மழைதான்.

தார்ப்பாதையை விட்டு மண்படிகள் பிரிகிற இடம். படியின் மரச்சட்டத்துக்கு ஓரத்தில், பாதையிலேயே, சருகு அசைந்தது. காற்று இல்லை. உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு மண்புழு, பென்சில் தடிமன், துடித்துத் துடித்து விழுந்துகொண்டிருந்தது. அதன் நடு உடம்பில் சுற்றியிருந்தது என் புழு. அதே வெளிர்பழுப்பு, அதே கோடுகள். மண்புழு ஒவ்வொரு முறை உதறும்போதும் அது கழன்றுவிடும் என்று நினைத்தேன். கழலவில்லை. கோழை பசை மாதிரி பிடித்துக்கொண்டது. மம்பட்டித் தலையை மண்புழு முதுகின் மேல் விரித்து அமுக்கியது, நாம் துள்ளுகிற கன்றை இரண்டு கையாலும் அமுக்குவோமே அப்படி. ஐந்து நிமிஷத்தில் உதறல் குறைந்தது, அப்புறம் நின்றது. அந்த நஞ்சு எதற்கு என்று புரிந்தது. எலும்பும் பல்லும் இல்லாத உயிர் தன்னைவிடத் தடித்த ஒன்றை வேறு எப்படி நிறுத்தும்?

அப்புறம் நடந்ததுதான் நான் ஊரில் உப்பு போட்ட அவசரத்தில் ஒரு முறைகூடப் பார்க்காதது. இதற்கு வாய் தலையில் இல்லை. வயிற்றுக்கு நடுவில். அங்கிருந்து வெள்ளையாக ஒன்று மெதுவாக வெளியே வந்தது. முதலில் ஒரு மொட்டு. பிறகு மெல்லிய வெள்ளைத் துணியை மடிப்பு மடிப்பாக விரித்த மாதிரி பரவி மண்புழுவின் உடம்பைப் போர்த்தியது. அதுதான் அதன் தொண்டை. உடம்புக்கு வெளியே நீட்டி, செரிக்கும் நீரை ஊற்றி, இரையை அங்கேயே குழம்பாக்கி உறிஞ்சிக்கொள்கிறது. பாப்பாவின் கைப்பேசி 40 நிமிஷம் காட்டியபோது மண்புழுவின் ஒரு பகுதி வெறும் தோலாகிச் சப்பிப்போயிருந்தது. புழுவின் கோடுகளுக்கு நடுவே உடம்பு உப்பி, லேசாகச் செம்மை தட்டியது. கழிவும் பிறகு அதே வாய் வழியாகத்தான் வரும், வேறு வழி கிடையாது.

வலி இல்லாமல் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். மண்புழு என்றால் எனக்குச் சோறு. இறந்தது இந்தக் காட்டு மண்புழு என்றாலும் மனசு ஒரு தடவை சுருங்கியது. ஆனால் சுற்றிலும் சருகைப் பார்த்தேன். படி நெடுக மண்புழு போட்ட எச்சக் குவியல். இங்கே அதற்குக் குறைவே இல்லை. இந்த மண்ணுக்கு மண்புழுவையும் தெரியும், அதைத் தின்கிறவனையும் தெரியும். என் தொட்டியில் நாலு சிமெண்டுச் சுவருக்குள் மாட்டிக்கொண்ட மண்புழுவுக்குத்தான் ஓட இடம் இல்லை. அந்தச் சுவரைக் கட்டியது நான்.

சாப்பிட்டு முடித்ததும் தொண்டை உள்ளே போனது. தலை மறுபடியும் விரிந்து, இடமும் வலமும் ஆடி, மரச்சட்டத்துக்கு அடியில் ஈரம் கண்டு நுழைந்தது. கடைசிக் கோடு மறைகிற வரைக்கும் பாப்பா அசையவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த இந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

ஆறாம் நாள்

காலையில் மறுபடியும் போனோம். வெயில் சீக்கிரம் வந்துவிட்டது. உச்சிக்குப் போகிற தார்ச்சாலையில், நடு ரோட்டில், பழுப்பு நூல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தலை விரிந்தபடியே காய்ந்திருந்தது. ராத்திரி ஈரத்தில் கடக்க ஆரம்பித்திருக்கும். இந்தப் பக்கக் காட்டுக்கும் அந்தப் பக்கக் காட்டுக்கும் நடுவே எனக்குப் பத்து அடி. அதற்கு அது முடியவில்லை.

மத்தியானம் அத்தானிடம் சொன்னபோது அவர் வண்டியை எடுத்தார். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் போகும்போது மேலே ஒரு பாலம். மனிதர்களுக்கு இல்லை, காட்டுக்கு. அதன்மேல் மண் போட்டு மரம் நட்டிருக்கிறார்கள். 1986இல் முடிந்த இந்தச் சாலை புக்கிட் தீமா காட்டை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்துவிட்டது. 2013இல் அதை இணைக்க இந்தப் பாலம் கட்டினார்கள். நீளம் 62 மீட்டர், ஒடுங்கிய இடத்தில் அகலம் 50 மீட்டர். அழுங்கு முதலான விலங்குகள் கடக்கின்றன. நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் விரிந்து, உடுக்கை மாதிரி இருக்கிறது.

"உங்க புழு இதுல கடக்குமா மாப்ள?" என்றார் அத்தான். அவர் கேலியாகக் கேட்கவில்லை. மரங்கள் வளர்ந்து, சருகு மக்கி, தரை காயாமல் இருந்தால் ஒரு தலைமுறை இந்தப் பக்கம், அடுத்த தலைமுறை கொஞ்சம் தள்ளி என்று போய்ச் சேரலாம். அவசரப்படாத உயிர்தானே. எனக்கு அந்தப் பாலத்தின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ஏழாம் நாள்

ராத்திரி விமானம். அக்கா வாசல் நடையில் வளர்க்கிற பாண்டான் செடியில் ஒரு கன்றைத் தொட்டியோடு கட்டி வைத்திருந்தாள். நம் ஊரில் ரம்பை என்போமே, அதுதான். "பாயசத்துல ஒரு இலை போட்டா போதும் தம்பி, தெருவே மணக்கும். எடுத்துட்டுப் போ."

வேண்டாம் என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. மண்ணோடு செடி கொண்டுபோக விதி இடம் கொடுக்காது என்பது ஒரு பக்கம். பிரான்சில் ஜான்-லூ ஜூஸ்தீனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். பொதுமக்கள் எடுத்த படங்களையும் காணொளிகளையும் திரட்டிப் பார்த்ததில், இந்த வகைப் பெரிய புழுக்கள் 1999இலிருந்தே அங்கே தோட்டங்களில் இருந்தது தெரிந்தது. ஏறக்குறைய 20 வருஷம் யாரும் கவனிக்கவில்லை. ஒரு துண்டு போதும், ஒரு முட்டைக்கூடு போதும். கூடு மிளகு மாதிரி இருக்கும், இட்ட புதிதில் சிவப்பு, ஒரு நாளில் கறுத்துவிடும். தொட்டி மண்ணில் கிடந்தால் யாருக்குத் தெரியும்? அக்கா செடியைத் திரும்ப நடையில் வைத்தாள். "அப்ப உன் செருப்புல ஒட்டிக்கிட்டு வராதா?" என்றாள்.

நல்ல கேள்வி. நானும் பாப்பாவும் குளியலறையில் உட்கார்ந்து நாலு காலணியையும் கழுவினோம். பழைய பல் துலக்கும் பிரஷ், ஈர்க்குச்சி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். அடியில் இருக்கிற ஒவ்வொரு கோட்டிலும் புக்கிட் தீமா மண், மஞ்சளும் சிவப்புமாக. பாப்பா ஒரு கறுப்பு உருண்டையை எடுத்து, "மாமா, கூடா?" என்றாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஏதோ விதை.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து வீட்டுக்காரி அழைத்தாள். அங்கேயும் மழையாம். "தொட்டிச் சாக்கைத் தூக்கிப் பாத்தேங்க. ஒன்னு கெடக்கு, நல்ல நீளம். உப்பு எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம். கையால தொடாத. குச்சியால எடுத்து, ஈர மண்ணு போட்டு, மூடி இறுக்கமா இருக்குற டப்பாவுல வை. நாளைக்கு வந்துர்றேன்."

"வச்சு?"

"தொட்டிக்குள்ள விட மாட்டேன், பயப்படாத. உனக்கு அதுக்கு வாய் எங்க இருக்குன்னு காட்டணும்."